பீப் என்றால் பவுனா?

காதில் ஹெட்போன், கையில் நீளக் கம்பி, கம்பியின் நுனியில் தட்டு. இப்படி ஒருவர் கடற்கரை மணலைத் தடவிக்கொண்டே போகும் வீடியோவை ஊரே பார்த்திருக்கிறது போல. வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. மற்ற கேள்விகளுக்கு இந்த வாரம் விடுமுறை.

கே: வீடியோவில் பத்து நிமிஷத்துக்குள் தங்க மோதிரம் எடுத்துவிடுகிறார்களே, நிஜமா?
- கல்லூரி மாணவர், திருச்செந்தூர்

ப: பத்து நிமிஷம் என்பது வீடியோவின் நீளம். அன்று முழுக்கத் தோண்டி எடுத்த சோடா மூடி, ஆணி, மாத்திரை அட்டை எல்லாம் எடிட்டிங்கில் போய்ச் சேர்ந்துவிட்டன. ஈர மணலிலிருந்து வரும் மோதிரத்தில் ஒரு மணல்கூட ஒட்டியிருக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

கே: மணலுக்குள் தங்கம் இருப்பது மெஷினுக்கு எப்படித் தெரிகிறது?
- ஆசிரியை, காரைக்குடி

ப: தெரியாது டீச்சர். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் ஏறி இறங்க, சுற்றிலும் காந்தப்புலமும் ஏறி இறங்கும். அந்தப் புலத்துக்குள் ஏதாவது உலோகம் அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அது தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைப் பிடித்துச் சத்தமாக்குவதுதான் மெஷினின் வேலை. நீங்கள் வகுப்பில் நடத்தும் ஃபாரடேதான், மணலில் நடக்கிறார்.

மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது, எவ்வளவு பெரிசு, இரும்பா இல்லையா என்பதைத்தான் மெஷின் ஒரு எண்ணாகச் சொல்லும். வெள்ளிக் காசு, செம்புக் காசு என்றால் எண் உயரத்தில் நிற்கும். தங்க மோதிரம் சின்னது, அதிலும் கலப்பு உண்டு. எனவே நடுவிலோ கீழேயோ நிற்கும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும், பீர் டின்னைத் திறக்கும்போது பிய்த்துப் போடும் வளையமும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. 'அலுமினியம் வேண்டாம்' என்று செட்டிங்கில் தள்ளிவிட்டால் தங்கமும் கூடவே போய்விடும். மோதிரம் தேடுகிறவர் பீப் வந்த இடத்தையெல்லாம் தோண்டித்தான் ஆக வேண்டும். தலைவலி மாத்திரை சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் பீச்சுக்கு வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

கே: பீச்சில் நான் தொலைத்த மனசைக் கண்டுபிடித்துத் தருமா?
- கவிஞர், புதுச்சேரி

ப: இரும்பு மனசாக இருந்தால் உண்டு.

கே: மெட்டல் டிடெக்டரைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரே பெயராகச் சொல்லவும்.
- போட்டித் தேர்வு எழுதுபவர், விருதுநகர்

ப: ஒரே பெயர் என்றால் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். டெலிபோன் பெல்லேதான். கதை சோகமானது, ஆனால் சொல்லியாக வேண்டும். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் எங்கோ நின்றுவிட்டது. எக்ஸ்ரே வர இன்னும் 14 வருஷம் இருந்தது. டாக்டர்கள் கழுவாத விரலை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பெல் அவசர அவசரமாக ஒரு கருவி செய்து வெள்ளை மாளிகைக்கே எடுத்துப் போனார். நோயாளியின் மேல் எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு சத்தம். படுக்கைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. போதாததற்கு, குண்டு வலது பக்கம்தான் என்று தலைமை டாக்டர் சாதித்து, அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடது பக்கம். செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்தார். குண்டைவிட அந்த விரல்கள் கொண்டுபோன கிருமிகள்தான் அவரை முடித்தன என்பது இன்றைய மருத்துவர்களின் தீர்ப்பு.

கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் மாதிரிக்கு 1930-களில் காப்புரிமை வாங்கியவர் கெர்ஹார்ட் ஃபிஷர். தேர்வில் பெல் என்று எழுதுங்கள். மார்க் போனால் என்னைத் திட்டுங்கள்.

கே: ராணுவத்தில் நாங்கள் கண்ணிவெடிக்குப் பயன்படுத்தியதும் இதே சாமான்தானே?
- முன்னாள் ராணுவத்தினர், வேலூர்

ப: அதேதான் ஐயா. இன்றைய பீச் மெஷினுக்கு அது சித்தப்பா முறை. யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி, நாடு ஹிட்லரிடம் போனபிறகு ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு 1941-ல் அதை வடிவமைத்தார். 1942-ல் எல் அலமைன் பாலைவனச் சண்டையில் ஜெர்மானியர் புதைத்த வெடிகளுக்கு நடுவே பிரிட்டிஷ் படை வழி பண்ணிக்கொண்டு போனது அதை வைத்துத்தான். கொசாட்ஸ்கி காப்புரிமை கேட்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சும்மாவே கொடுத்தார். ராஜாவிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. போர் முடிந்ததும் மிச்ச மெஷின்களை ராணுவங்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட, அவை கடற்கரைக்கு வந்து சேர்ந்தன. பொழுதுபோக்கு பிறந்தது அப்படித்தான்.

கே: கடற்கரையில் தேடி உண்மையிலேயே பணக்காரர் ஆனவர் ஒருவராவது உண்டா?
- வட்டிக்கடைக்காரர், கும்பகோணம்

ப: உண்டு, ஆனால் அவர் மெஷினை மட்டும் நம்பவில்லை. ஃப்ளோரிடாவில் கிப் வாக்னர் என்று ஒரு கட்டட கான்ட்ராக்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செபாஸ்டியன் என்ற ஊர்ப் பக்கம் கடற்கரையில் நடக்கும்போது, புயலடித்த மறுநாள்களில் கறுத்துப்போன வெள்ளிக் காசுகள் கிடைத்தன. வேறு யாராவது என்றால் கடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். வாக்னர் காசில் இருந்த வருஷத்தைப் படித்தார். 1715-க்குப் பிந்தைய காசு ஒன்றுகூட இல்லை.

1715-ல் ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்குத் தங்கமும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல்களில் 11 கப்பல்கள் ஜூலை மாதக் கடைசியில் ஒரே புயலில் அந்தக் கரையோரம் உடைந்தன. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். கப்பல்கள் மூழ்கியது தெற்கே வேறு இடத்தில் என்றுதான் அதுவரை பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். வாக்னரின் டாக்டர் நண்பர் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உட்கார்ந்து 18-ம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றையும் வரைபடத்தையும் தோண்டி எடுத்தார். உடைந்த இடம் அதில் குறிக்கப்பட்டிருந்தது. வாக்னர் ராணுவம் கழித்துப் போட்ட கண்ணிவெடி மெஷின் ஒன்றை மலிவாக வாங்கி, கப்பலில் தப்பியவர்கள் கரையில் போட்டிருந்த முகாமைக் கண்டுபிடித்தார். பிறகு அரசிடம் அனுமதி வாங்கி, நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து கடலில் இறங்கினார். 1965 ஜனவரியில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அந்தக் கதையைப் போட்டது. அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் புதையல் கடற்கரை என்றுதான் பெயர். புயலுக்குப் பிறகு அங்கே காசு இன்னமும் கிடைக்கிறது.

கவனியுங்கள்: நூலகம், வரைபடம், அனுமதிக் கடிதம், நண்பர்கள், வருஷக்கணக்கான உழைப்பு. மெஷின் பட்டியலில் ஐந்தாவதோ ஆறாவதோ.

கே: அப்படியானால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?
- அதே வட்டிக்கடைக்காரர், அதே கும்பகோணம்

ப: வேண்டாம். கடலுக்கு வட்டி கட்டும் பழக்கம் கிடையாது.

கே: மெஷின் என்ன விலை? பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?
- தாத்தா, திருச்சி

ப: சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. காய்ந்த மணலிலும் வீட்டுத் தோட்டத்திலும் குழந்தைகளுக்கு அது போதும். மாலை முழுக்கப் போனை மறந்திருப்பார்கள், அதுவே லாபம். உப்புத் தண்ணீரில் நனைந்த மணல் வேறு விஷயம். உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்துவதால் மலிவு மெஷின் அலை வந்து போகும்போதெல்லாம் தங்கம் தங்கம் என்று அலறும். ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்கிற மெஷினோ, மின்சாரத்தைப் பல்ஸ் முறையில் விட்டு விட்டு அனுப்புகிற மெஷினோ தேவைப்படும். நல்ல கம்பெனி மெஷின் என்றால் அரை லட்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம்.

கே: எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நண்பரின் மெஷின் ஓயாமல் கத்துகிறது. கீழே புதையலா?
- நாகர்கோவில் வாசகர்

ப: புதையல்தான். ஆனால் உங்களுக்கு முன்பே அரசாங்கம் பார்த்துவிட்டது. அங்கே கறுப்பாக மின்னுகிறதே, அது இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த தாது. கூடவே கார்னெட், சிர்கான், ரூட்டைல், தோரியம் கலந்த மோனசைட். இப்படிக் கனிமம் நிறைந்த மண்ணில் சாதாரண மெஷின் எதைக் கேட்டுக் கத்துகிறது என்று அதற்கே தெரியாது. மண்ணுக்குத் தக்கபடி முதலில் அதைச் சமன் செய்துகொள்ள வேண்டும். சில இடங்களில் அதுவும் உதவாது.

இந்த மணலின் மதிப்பை உலகம் தெரிந்துகொண்ட விதம் சுவாரசியமானது. 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அப்போது மோனசைட்டிலிருந்து எடுத்த தோரியம்தான் கேஸ் விளக்கின் வலையை வெள்ளையாக ஒளிரச் செய்தது. கயிறு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டே மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை போட்டுவிட்டார். பீப் சத்தமே இல்லாமல் கண்டுபிடித்த புதையல்.

கே: மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதியில் காது வைத்தால் வாட்ச் சத்தம் கேட்குமாம். மெஷின் வைத்தால்?
- ஆட்டோ ஓட்டுநர், சைதாப்பேட்டை

ப: வாட்ச் இருந்தால் பீப் வரலாம், டிக் டிக் வராது. டிக் டிக் கேட்பதற்குக் காது வேண்டும், கூடவே பக்தி வேண்டும். அண்ணே, காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெஷினோடு அங்கே போனால் அடுத்த பீப் போலீஸ் ஜீப்பிலிருந்து வரும்.

கே: கல்யாணமாகி மூன்று வாரம். எலியட்ஸ் பீச்சில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது மோதிரம் நழுவிவிட்டது. கிடைக்குமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.
- பெயர் வேண்டாம், சென்னை

ப: முதலில் சொல்லிவிடுங்கள் தம்பி. மோதிரம் போன விரலில் வெளுத்த வளையம் இருக்கிறது, அது உங்களைவிட முந்திக்கொள்ளும்.

இனி நல்ல செய்தி. தங்கம் அலையோடு ஊர் சுற்றாது. மணலைவிட ஆறேழு மடங்கு கனம். விழுந்த இடத்தின் பக்கத்திலேயே, ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கெட்டி அடுக்கு எதிலாவது இடித்து நிற்கும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். கெட்ட செய்தியும் அதுதான். மோதிர அளவு பொருளை நல்ல மெஷின் ஒரு சாண் ஆழம்வரை பார்க்கும், அதற்கு மேல் கொஞ்சம் போகலாம். எனவே ஒரு வாரத்தைவிட ஒரு நாள் நல்லது, ஒரு நாளைவிட ஒரு மணி நேரம் நல்லது. எந்த இடம் என்பதை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் கோடு கிழிக்க முடியாது. நின்ற இடத்திலிருந்தே கரையைப் பார்த்து, ஷ்மிட் நினைவு வளைவுக்குப் பின்னால் எந்தக் கட்டடம் தெரிகிறது, இன்னொரு பக்கம் எந்தக் கம்பத்துக்குப் பின்னால் எந்த மரம் தெரிகிறது என்று இரண்டு நேர்கோடு பிடித்துக்கொண்டால், மறுநாள் அதே இடத்தில் வந்து நிற்கலாம். மீனவர்கள் நடுக்கடலில் பார் இருக்கும் இடத்தை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, கண்டுபிடிப்பது இந்தக் கணக்கில்தான். மெஷின்காரர் கிடைக்கும்வரை காலால் துழாவாதீர்கள். துழாவினால் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

கே: கொலுசு, மெட்டி, செயின் எல்லாம் கிடைக்குமா, இல்லை மோதிரம் மட்டும்தானா?
- இல்லத்தரசி, நாகப்பட்டினம்

ப: மெட்டி வெள்ளி, வளையம். மெஷினுக்குப் பிடித்த சாமான். மெல்லிசான தங்கச் செயின்தான் கண்ணாமூச்சி காட்டும். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையம் என்பதால், ஐந்து பவுன் செயின்கூடச் சில நேரம் அதன் கொக்கி அளவுக்குத்தான் சத்தம் கொடுக்கும். வைரம் உலோகமே இல்லை. அதைப் பதித்த கம்மல்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

கே: காணும் பொங்கல் மறுநாள் மெரினாவில் தேடினேன். ஒரு ரூபாய் காசுகூடக் கிடைக்கவில்லை. மெஷின் டுபாக்கூரா?
- திருவல்லிக்கேணி வாசகர்

ப: இரண்டு காரணம். ஒன்று, நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே துப்புரவுப் பணியாளர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு பேட்டரி வேண்டாம்.

இரண்டாவது, நம் ரூபாய் காசு இன்று எவர்சில்வர். இரும்பு 83 சதவீதம், குரோமியம் 17 சதவீதம். காந்தத்தில் ஒட்டும். ஆணித் தொல்லை வேண்டாம் என்று நீங்கள் 'இரும்பு வேண்டாம்' பட்டனை அழுத்தியிருந்தால், மெஷின் இந்திய ரூபாயையும் ஆணிக் கும்பலில் சேர்த்துத் தள்ளியிருக்கும். ஹரித்துவாரிலும் காசியிலும் கங்கைக் கரைப் பையன்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். கயிற்றில் ஒரு காந்தத்தைக் கட்டி ஆற்றில் வீசி இழுக்கிறார்கள். பக்தர்கள் போட்ட காசு ஒட்டிக்கொண்டு வருகிறது. முதலீடு: ஒரு பழைய ஸ்பீக்கர்.

கே: எப்போது போனால் ஏதாவது கிடைக்கும்?
- மருந்து விற்பனைப் பிரதிநிதி, கடலூர்

ப: புயலுக்குப் பிறகு. அமைதியான நாள்களில் கடல் மணலைக் கொண்டுவந்து மூடும், சீறும் நாள்களில் வாரிக்கொண்டு போகும். வாரும்போது கனமானது தங்கிவிடும். 2020 நவம்பரில் நிவர் புயல் போன பிறகு, ஆந்திராவின் உப்படா கடற்கரையில் ஊரே மணலைச் சலித்துக்கொண்டிருந்தது. பொட்டுப் பொட்டாகத் தங்கம் கிடைத்தது. அந்த ஊரின் வீடுகளையும் கோயில்களையும் கடல் வருஷக்கணக்காகத் தின்றுகொண்டிருக்கிறது. தின்றதில் கொஞ்சம் துப்பியிருக்கிறது என்பதுதான் ஊர்க்காரர்களின் விளக்கம்.

இன்னொரு தொழில் ரகசியம். வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் ஓரிடத்தில் கொத்தாகக் கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். கனமான சாமான்களைக் கடல் ஒரே இடத்தில்தான் ஒதுக்கும். ஈயம் ஒதுங்கிய இடத்தில் தங்கமும் ஒதுங்கும்.

கே: ராத்திரி போனால் தொந்தரவு இல்லாமல் தேடலாமே?
- ஐ.டி. ஊழியர், நீலாங்கரை

ப: உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. ஆமைக்கு இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல்வரை பங்குனி ஆமைகள் உங்கள் வீட்டு எதிர்க் கரையில்தான் ராத்திரியில் ஏறி, குழி பறித்து, நூறு முட்டைபோல இட்டுவிட்டுப் போகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். டார்ச் அடித்துக்கொண்டு மண்வெட்டியோடு நீங்கள் எதிரே வந்தால் அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளை இங்கே அச்சிட முடியாது. பகலில் போங்கள். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள், சாயங்காலம் பந்து விளையாடும் பையனின் கால் அதில்தான் மாட்டும்.

கே: நான் இருப்பது பிரிஸ்டல். இங்கே ரிட்டயர்டு ஆட்கள் பாதிப் பேர் மெஷினோடுதான் திரிகிறார்கள். நானும் சேரலாமா?
- இங்கிலாந்து வாசகர்

ப: தாராளமாக. உங்கள் பக்கத்துக் கடலில் ஏற்ற இறக்க வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். சென்னையில் ஒரு மீட்டர் வந்தாலே பெரிசு. வற்றம் வரும்போது மைல் கணக்கில் தரை தெரியும். வெள்ளம் திரும்புவதும் அதே வேகம்தான், சேற்றில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கடலோரத்தில் ஏறத்தாழ பாதி மன்னர் பதவிக்குரிய சொத்து நிர்வாகத்திடம் இருக்கிறது, அங்கே தேட அவர்கள் அனுமதிக்கிறார்கள். மற்ற இடங்களில் உரிமையாளரைக் கேட்க வேண்டும். 300 வருஷத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருளோ காசுக் குவியலோ கிடைத்தால் 14 நாளுக்குள் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். கப்பல் சாமான் என்றால் 28 நாள்.

ஒழுங்காகச் சொன்னவர்களுக்கு அந்த ஊரில் மரியாதை உண்டு. 1992-ல் ஹாக்ஸ்ன் கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டு நண்பரை மெஷினோடு கூப்பிட்டார். சுத்தியலுக்குப் பதில் ரோமானியத் தங்கக் காசுகள் வந்தன. நண்பர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளைக் கூப்பிட்டார். மொத்தம் கிட்டத்தட்ட 15,000 காசுகள், பரிசுத் தொகை 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் பிறகு கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்!

கே: முல்லைத்தீவுக் கடற்கரையில் மெஷின் வைத்துப் பார்க்க ஆசை. என்ன சொல்கிறீர்கள்?
- யாழ்ப்பாண வாசகர்

ப: வேண்டாம். வடக்கில் இந்த மெஷினைக் கையில் பிடித்திருப்பவர்கள் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள். அவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர், போரில் வீட்டு ஆண்களை இழந்தவர்களும் உண்டு. முழங்காலில் உட்கார்ந்து சாண் சாணாக மண்ணைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு பீப்பும் உயிர் விஷயம். 2009-ல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே அந்தத் துண்டு நிலத்தில் நெரிந்து நின்ற சனங்கள் விட்டுப்போனவைதான் அந்த மணலில் இருக்கின்றன. பொழுதுபோக்குக்கு வேறு கரை பாருங்கள் தம்பி. அதோடு, புதையல் தோண்டினால் இலங்கைத் தொல்பொருள் சட்டத்தில் பிடித்து உள்ளே வைப்பார்கள்.

கே: தரங்கம்பாடியில் ஒரு சின்னக் காசு கண்டெடுத்தேன். டென்மார்க் காசு என்கிறார்கள். எனக்கே சொந்தமா?
- பொறையாறு வாசகர்

ப: டென்மார்க் காசாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி வந்தவர்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை அங்கே இருந்தார்கள். ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தார்கள். கரை அரிக்கும் ஊர் அது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலிலேயே ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. பழைய தெருவும் மண்ணும் கரையக் கரைய, காசு வெளியே வருகிறது.

சொந்தமா என்றால், 1878-ம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்! அன்றைக்கு அது பெரிய பணம், இன்றைக்கு ஒரு டீக்கு இழுபறி. சட்டம் தொகையை மாற்றவில்லை. சொல்லாமல் அமுக்கினால் ஒரு வருஷம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. சொன்னால் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். உரிமையாளர் இல்லாத புதையலில் கண்டெடுத்தவருக்குப் பங்கு உண்டு. அரசே எடுத்துக்கொண்டாலும், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்கிறது அதே சட்டம்.

கே: எங்கள் ஊரில் கடல் இல்லை. நாங்கள் எங்கே தேடுவது?
- கரூர் வாசகர்

ப: உங்களைப் பார்த்துக் கடற்கரைக்காரர்கள்தான் பொறாமைப்பட வேண்டும். சேரர் காசும் ரோமானியக் காசும் அமராவதி மணலில் கிடைத்த ஊர் அல்லவா! ஆனாலும் மெஷினை எடுக்காதீர்கள். கடற்கரையில் கிடைப்பதை அலை ஏற்கெனவே ஆயிரம் தடவை புரட்டிவிட்டது, அதை எடுப்பதால் வரலாற்றுக்குப் பெரிய சேதம் இல்லை. பழைய ஊர் மேட்டில் அப்படியில்லை. காசு எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டின் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வயது இருக்கிறது. மெஷின் வைத்துப் பிடுங்கினால் காசு மட்டும் கைக்கு வரும், காலம் குழியிலேயே போய்விடும். கீழடியையும் கொடுமணலையும் வெட்டியவர்கள் தூரிகையோடு உட்கார்ந்தது பொழுது போகாமல் அல்ல. பாதுகாக்கப்பட்ட இடத்தில் தோண்டினால் சட்டமும் பாயும்.

கே: பீச்சில் யாரோ தொலைத்த மோதிரம் கிடைத்தால் 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்' இல்லையா?
- சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

ப: நீங்கள் கேட்கலாமா இதை! பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவைத் திறந்து பாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 403. எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்த மோதிரமேதான். விலையுயர்ந்த மோதிரம் ஒருவருக்குக் கிடைக்கிறது, யாருடையது என்று தெரியாது, உரிமையாளரைத் தேட முயற்சியே செய்யாமல் உடனே விற்றுவிடுகிறார்: குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம் தனி. தெருவில் ஒரு ரூபாய் கண்டெடுத்து, யாருடையது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டால் குற்றமில்லை என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு ரூபாயைத்தான் உங்கள் மெஷின் ஆணி என்று சொல்லிவிட்டதே, என்ன செய்ய.

கே: உரிமையாளரைத் தேடு என்கிறீர்கள். இவ்வளவு பெரிய சென்னையில் எப்படித் தேடுவது?
- வங்கி ஊழியர், அடையாறு

ப: முன்பு கஷ்டம், இப்போது வழி இருக்கிறது. மோதிரத்தின் உள்பக்கத்தைக் கழுவி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெயரோ கல்யாணத் தேதியோ வெட்டியிருக்கலாம். அது இல்லாவிட்டாலும், 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு கடையில் விற்ற ஹால்மார்க் நகை என்றால் பி.ஐ.எஸ். முத்திரையோடு எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கக் குறியீடு இருக்கும். ஒரு குறியீடு ஒரு நகைக்கு மட்டும்தான். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அதைத் தட்டினால் ஹால்மார்க் போடக் கொடுத்த நகைக்கடையின் பதிவு விவரமும் முத்திரை போட்ட மையமும் வரும். கடைக்காரரின் பில் புத்தகம் மீதியைச் சொல்லும்.

மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கடை கடையாக ஏறாதீர்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள், குறியீட்டையும் அதில் சேர்த்து எழுதுங்கள், ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.